நேரமில்லாத பெற்றோருக்கு: இணையத்தில் கைவேலை யோசனை தேடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் அப்பாக்களும் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகத்தான் இருக்கின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

"கிராஃப்ட்னு போட்டா ஆயிரம் வருது, தலை சுத்துது. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

வீட்டிலிருக்கும் பொருளிலிருந்து ஆரம்பியுங்கள். போனைத் திறப்பதற்கு முன்னால் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஐஸ் குச்சி இருக்கிறதா, பற்பசை டப்பா இருக்கிறதா, தைத்து மிஞ்சிய துணி இருக்கிறதா, கொட்டாங்கச்சி இருக்கிறதா? அந்தப் பொருளின் பெயர், பிள்ளையின் வயது, உங்களிடம் இருக்கும் நேரம், இந்த மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். "ஐஸ் குச்சி, 6 வயது, அரை மணி நேரம்" என்று தேடினால் வருவதில் பாதியாவது உங்களால் அன்றே செய்யக்கூடியதாக இருக்கும்.

பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஒரு அழகான படம் பிடித்துப்போகிறது, அப்புறம் அதற்கான சாமான் தேடி அலைகிறார்கள். சாமான் வந்து சேர்வதற்குள் பிள்ளைக்கும் ஆர்வம் போய்விடுகிறது, நமக்கும் போய்விடுகிறது. இந்தப் பக்கத்தில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்: பொருளும் நேரமும் முதலில், படம் அப்புறம்.

"தமிழ்ல தேடணுமா, இங்கிலீஷ்ல தேடணுமா?"

செய்யப்போகும் பொருளைப் பொறுத்தது. கோலம், வயர் கூடை, கொலு அலங்காரம், ஓலைக் காத்தாடி, பூத்தொடுப்பது போன்றவற்றைத் தமிழில் தேடுங்கள். அதிலும் நம் ஆட்கள் பேச்சில் வைத்திருக்கும் அளவுகளைப் போட்டுத் தேடினால் தேடல் கூர்மையாகும். "கோலம்" என்று மட்டும் போடுவதற்குப் பதிலாக "15 புள்ளி 8 வரை ஊடுபுள்ளி" என்றோ "7 புள்ளி 7 வரிசை நேர்ப்புள்ளி சிக்குக் கோலம்" என்றோ போடுங்கள். வாசலில் இருக்கும் இடத்துக்குப் பொருந்துவது நேராக வந்துவிடும். வயர் கூடைக்கும் அப்படித்தான்: "1 ரோல் கூடை", "2 ரோல் கூடை" என்று தேடினால் எவ்வளவு வயர் வாங்க வேண்டும் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

தாள், அட்டை, ஃபோம் ஷீட் வேலைகளுக்கு ஆங்கிலத்தில் தேடினால் அதிகம் கிடைக்கும். தாளை மடித்து உருவம் செய்யும் ஒரிகாமிக்கு மொழியே வேண்டாம். ஜப்பானைச் சேர்ந்த அகிரா யோஷிசாவா உருவாக்கிய கோட்டுக் குறிகளைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். விட்டுவிட்டு வரும் கோடு என்றால் உள்பக்கம் மடிக்க வேண்டும். கோடும் புள்ளியும் மாறிமாறி வந்தால் வெளிப்பக்கம் மடிக்க வேண்டும். இந்த இரண்டும் அம்புக்குறியும் தெரிந்தால் ஜப்பானியப் பக்கத்தைக்கூடப் பார்த்து மடித்துவிடலாம்.

"யூட்யூப், பின்ட்ரஸ்ட், இன்ஸ்டா... எதுல பாக்கறது நல்லது?"

யோசனைக்கு ஒன்று, செய்முறைக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். நிறம், வடிவம், "இப்படியும் செய்யலாமா!" என்ற எண்ணம் இதற்கெல்லாம் பின்ட்ரஸ்ட் நல்லது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து அது போன்ற மற்ற படங்களைத் தேடும் வசதி அதில் உண்டு. செய்யக் கற்றுக்கொள்ள யூட்யூப்தான், அதுவும் நீளமான வீடியோ. இன்ஸ்டாகிராமில் வரும் குட்டி வீடியோ ஆசையைத் தூண்டும். செய்து முடிக்கும் அளவுக்கு விவரம் அதில் இருப்பது அபூர்வம். அங்கே ஒன்று பிடித்திருந்தால் அதன் பெயரை எடுத்துக்கொண்டு யூட்யூபுக்குப் போய்விடுங்கள்.

"பசங்க தூங்கினப்புறம் போனை எடுத்தா ஒரு மணி நேரம் போயிடுது. செஞ்சது ஒண்ணும் இல்ல."

தேடுவதற்கு ஒரு நேரம், செய்வதற்கு ஒரு நேரம் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே உட்காரலில் வைத்தால் தேடல்தான் ஜெயிக்கும், ஏனென்றால் அதற்கு முடிவு கிடையாது. வாரத்தில் ஒரு நாள், கால் மணி நேரம், அலாரம் வைத்துத் தேடுங்கள். அந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துவிட்டு மூடிவிடுங்கள். செய்ய உட்காரும்போது புதிதாக எதையும் தேடாதீர்கள். எடுத்து வைத்த வீடியோ மட்டும் போதும்.

களைத்துப்போய்ச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது ஓய்வு என்றால் அதை ஓய்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. "பிள்ளைக்காகத் தேடுகிறேன்" என்று பெயர் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒன்றும் செய்யவில்லையே என்று மனம் நொந்துகொள்வதுதான் வேண்டாம்.

"சேவ் பண்ணதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல."

ஒவ்வொரு ஆப்பிலும் தனித்தனியாகச் சேமித்தால் அப்படித்தான் ஆகும். வாட்ஸ்ஆப்பில் நமக்கு நாமே செய்தி அனுப்பிக்கொள்ளலாம். எந்த ஆப்பில் பார்த்தாலும் இணைப்பை அங்கேயே அனுப்பிவிடுங்கள். கூடவே ஒரு வரி எழுதுங்கள்: "பேப்பர் கப், சின்னவனுக்கு, ஒரு மணி நேரம்". பிறகு "கப்" என்று அந்த உரையாடலுக்குள் தேடினாலே வந்துவிடும். அந்த ஒரு வரி எழுதாவிட்டால் வெறும் இணைப்பு மட்டும் கிடக்கும், எதற்காக எடுத்து வைத்தோம் என்றே தெரியாது.

"அவங்க சொல்ற சாமான் எதுவும் நம்ம கடையில கிடைக்க மாட்டேங்குது."

பெயர்தான் வேறு, பொருள் பெரும்பாலும் நம் தெருமுனை ஸ்டேஷனரி கடையிலேயே இருக்கும். கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பர் என்று சொன்னால் கலர் சார்ட்டோ பேஸ்டல் ஷீட்டோ வாங்கினால் போதும். கார்ட்ஸ்டாக் என்றால் கல்யாணப் பத்திரிகை அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப்போடாதீர்கள், அவ்வளவு நல்ல தாள் கடையில் காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காது. தானிய உணவு டப்பா கேட்டால் பற்பசை டப்பா, சோப்பு டப்பா. யார்ன் என்பது உல்லன் நூல். மாட் பாட்ஜ் என்று ஒரு பூச்சுப் பசையைச் சொல்வார்கள், சாதாரணத் தாள் வேலைக்கு அதன் இடத்தில் ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து பூசலாம். ஆனால் அது ஈரத்தைத் தாங்காது, தண்ணீர் படும் பொருளுக்கு மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும்.

ஒரிகாமித் தாள் சதுரமாக வரும். அதற்காகத் தனியாக வாங்க வேண்டாம். ஏ4 தாளின் ஒரு மூலையை எதிர்ப்பக்க ஓரத்தோடு சேரும்படி முக்கோணமாக மடித்தால் 21 சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கும். மிஞ்சும் பட்டை ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அதை எறியாமல் வைத்தால் தாள் பின்னலுக்கு ஆகும்.

"அவங்க ஒட்டினா ஒட்டுது. நான் ஒட்டினா தெர்மாகோல் கரையுது!"

பசைதான் காரணம். தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரின். ரப்பர் பசை, ஃபெவிபாண்ட் போன்றவற்றில் இருக்கும் கரைப்பான் அதை அரித்துக் குழியாக்கிவிடும். உடனே ஒட்டும் ஃபெவிக்விக்கும் அரிக்கும். ஸ்ப்ரே பெயின்ட் அடித்தாலும் அதே கதைதான். தெர்மாகோலுக்கு வெள்ளை ஃபெவிகால்தான் சரி. காய நேரம் எடுக்கும், அதுவரை குண்டூசியோ பல்குச்சியோ குத்திப் பிடித்து வையுங்கள். ஸ்ப்ரே அடித்தே ஆகவேண்டும் என்றால் முதலில் போஸ்டர் கலரோ அக்ரிலிக்கோ கெட்டியாக ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டு, அப்புறம் அடியுங்கள்.

வீடியோவில் இரண்டு நொடியில் ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி ஒட்டும் குளூ கன். அதைப் பற்றிக் கீழே ஆபத்துகள் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

"நாளைக்குக் காலைல ப்ராஜெக்ட் குடுக்கணும்னு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து சொல்றான். என்ன பண்றது?"

முதல் கேள்வியின் பதில்தான், இன்னும் கறாராக. அந்த நேரத்தில் கடை இருக்காது, அதனால் வீட்டிலிருப்பதைத் தவிர எதையும் தேடாதீர்கள். இரவு வேலைக்குக் காயவைக்கத் தேவையில்லாத வழிகளே உதவும்: மடிப்பது, கீறிச் செருகுவது, ஸ்டேப்ளர், செல்லோ டேப், இரட்டைப்பக்க டேப். பெயின்ட் வேண்டாம், கலர் தாள் ஒட்டுங்கள். சோப்பு டப்பாக்களை அடுக்கி ஒட்டினால் கட்டடம். செய்தித்தாளை இறுக்கமாகச் சுருட்டினால் தூண், மரம், வேலி. சூரிய மண்டலம் என்றால் உருண்டை தேடி அலையாமல் வட்டமாக வெட்டி நூலில் தொங்கவிடுங்கள்.

யூட்யூபில் நீளத்தை வைத்து வடிகட்டி, சின்ன வீடியோவாக ஒன்றே ஒன்றைப் பாருங்கள். அப்புறம் பிள்ளை செய்யட்டும், நீங்கள் வெட்டித் தாருங்கள். எட்டு வயதுப் பிள்ளை செய்தது எட்டு வயதுப் பிள்ளை செய்தது போலவே இருக்கட்டும். ஆசிரியர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

"வீடியோ வேகமா ஓடுது. நிறுத்தி நிறுத்திப் பாத்தும் வயர் கூடை முடிச்சு புரியல."

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் வயர் கூடையைக் கேட்டு வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது, 2021 இறுதியில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. பழைய வயர் கூடையைப் பரணிலிருந்து இறக்கியவர்கள் பலர். "அம்மா போட்டது, எனக்கும் போடத் தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

யூட்யூபில் வேகத்தை 0.5 என்று வைத்து, ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் மூன்றே விஷயம்: எந்த வயர் வளையமாக மடிகிறது, எந்த வயர் அந்த வளையத்துக்குள் நுழைகிறது, நுனி எந்தப் பக்கமாக வெளியே வந்து இழுபடுகிறது. கணினியில் பார்த்தால் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டுங்கள், ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும், காற்புள்ளி விசை பின்னால் கொண்டுபோகும். கற்கும்போது முழு நீளத்தில் வெட்டாதீர்கள். முழங்கை நீளத் துண்டுகளாக, இரண்டு வேறு நிறத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறமென்றால் எது எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சிவப்பும் வெள்ளையும் என்றால் தப்பு நடந்த இடம் பளிச்சென்று தெரியும். சாதா முடிச்சு கை பழகிய பிறகு நெல்லிக்காய் முடிச்சு, அதற்குப் பிறகு சிவன் கண். எடுத்தவுடனே சிவன் கண்ணுக்குப் போனவர்கள் பாதியில் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. கூடை போடத் தெரிந்த பெரியம்மாவோ சித்தியோ பாட்டியோ குடும்பத்தில் நிச்சயம் இருப்பார்கள். வீடியோ காலில் கூப்பிடுங்கள். "பெரியம்மா, கேமராவை கைப்பக்கம் காட்டுங்க" என்று சொன்னால் போதும். யூட்யூப் அக்காவிடம் "இது ஏன் கோணுது?" என்று கேட்க முடியாது, பெரியம்மாவிடம் கேட்கலாம்.

"நான் அப்பா. எனக்குக் கலர் அடிக்க, பூ ஒட்ட எல்லாம் வராது. எனக்கு ஏத்த மாதிரி எதாவது இருக்கா?"

அரவிந்த் குப்தாவின் இணையதளத்துக்குப் போங்கள். கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். குப்பையில் போகும் பொருள்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தருவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்து முக்கோணம், கனசதுரம், வீடு என்று கட்டும் அவருடைய முறை புகழ்பெற்றது. டியூபைச் சின்னத் துண்டாக வெட்டி இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு தயார். முக்கோணத்தை அழுத்தினால் அசையாது, சதுரம் கோணிக்கொள்ளும். பாலங்களில் ஏன் முக்கோணம் முக்கோணமாகக் கம்பி வைக்கிறார்கள் என்பதைப் பிள்ளை கையாலேயே புரிந்துகொள்ளும்.

அவருடைய செய்முறை வீடியோக்கள் தமிழிலும் உண்டு, எல்லாம் இலவசம், பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். தீக்குச்சியின் மருந்து முனையைக் கிள்ளி எறிந்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.

"பசங்ககிட்ட போனைக் குடுத்தா கிராஃப்ட் பாக்கறேன்னு சொல்லிட்டுக் கார்ட்டூன் பாக்கறாங்க."

செய்யும் நேரத்தில் போன் மேசையில் இருக்கக்கூடாது. நீங்கள் முந்தைய நாளே வீடியோவைப் பார்த்துவிட்டு, நாலைந்து படியைக் குச்சிப் படமாக ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். உங்கள் படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைக்குப் புரியும். திரை வேண்டியே இருந்தால் யூட்யூப் கிட்ஸில் நீங்கள் அனுமதித்த வீடியோ மட்டும் வரும்படி வைக்கலாம், நேரக் கட்டுப்பாடும் வைக்கலாம்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் 2020 முதல் கருத்துகள் பகுதி கிடையாது. "செய்து பார்த்தேன், வரவில்லை" என்று யாரும் எழுத முடியாது. அதனால் அந்த வகை வீடியோவை நீங்கள் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் பிள்ளைக்குக் காட்டுவது நல்லது.

"எதெல்லாம் ஆபத்து? எதைப் பாத்தா தள்ளிப் போயிடணும்?"

குளூ கன்னின் முனை சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும், உருகிய பசை தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் மேசையில் அதைப் பெரியவர்கள்தான் பிடிக்க வேண்டும், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும். பேப்பர் கட்டரும் அப்படித்தான்.

ரெசின் நகை, ரெசின் கீசெயின் என்று இப்போது நிறைய வருகிறது. எபாக்சி ரெசினின் ஆவியும் தோலில் படுவதும் நல்லதல்ல. கையுறை, காற்றோட்டம் எல்லாம் வேண்டும், குழந்தைகளோடு செய்யும் வேலை அல்ல. தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண மணிகளைக் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. விழுங்கினால் வயிற்றுக்குள் போய்ப் பெரிதாகிக் குடலை அடைக்கும். மினுக்கும் விளக்கு வைத்த வேலைகளில் வரும் பட்டன் பேட்டரியும் அதே அளவு ஆபத்து, விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக்கை நெருப்பில் காட்டி வளைக்கும் வீடியோ எதுவாக இருந்தாலும் கடந்து போய்விடுங்கள்.

"கொலுவுக்குச் சீக்கிரமா, பசங்களே செய்யற மாதிரி எதாவது?"

பார்க் போடுங்கள். பழைய தட்டில் ஈரமண் பரப்பி, கடுகையோ கேழ்வரகையோ நெருக்கமாகத் தூவி, தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். நவராத்திரிக்கு நாலைந்து நாள் முன்பே போட்டால் முதல் நாளுக்குப் பச்சைப் புல்வெளி தயாராக இருக்கும். நடுவில் கண்ணாடித் துண்டு வைத்தால் குளம், ரம்பப் பல் மாதிரி வெட்டிய ஐஸ் குச்சி வேலி. பொம்மையை விட அந்தப் புல்லை அளந்து பார்ப்பதில்தான் பிள்ளைகளுக்கு ஆர்வம்.

இணையத்தில் தேடுவதாக இருந்தால் ஆகஸ்டிலேயே பார்த்து வாட்ஸ்ஆப்பில் போட்டு வையுங்கள். பண்டிகை வாரத்தில் தேடினால் பிரமாண்டக் கொலுக்கள்தான் முன்னால் வரும், மூன்று படிக்கு ஏற்றது கண்ணில் படாது.

"பாத்தா ரொம்ப அழகா இருக்கு. இது நிஜமா செஞ்சதா, ஏஐ படமா?"

இப்போது இது அவசியமான சந்தேகம். குரோஷா (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) பொம்மை, குவில்லிங் (தாள் பட்டையைச் சுருட்டி ஒட்டுவது), எம்பிராய்டரி மூன்றிலும் பொய்ப் படங்கள் நிறைய. பெரிதாக்கிப் பாருங்கள். நிஜக் குரோஷாவில் தையல்கள் வரிசையாக, எண்ணக்கூடியதாக இருக்கும். பொய்ப் படத்தில் ஒரு வரிசை பாதியில் கரைந்து அடுத்ததோடு கலந்துவிடும். குவில்லிங்கில் ஒவ்வொரு தாள் பட்டைக்கும் தொடக்கமும் முடிவும் தெரிய வேண்டும். வயர் கூடை என்றால் ஒரு நிறப் பட்டையை ஓரத்திலிருந்து ஓரம்வரை விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள், வழியில் மறைந்தால் அது யாரும் பின்னாத கூடை.

அதைவிட நம்பகமானது இது: செய்யும் நிலையில் எடுத்த படமோ, பின்பக்கப் படமோ, அதே வேலையை இன்னொருவர் செய்து போட்ட படமோ இருக்கிறதா? ஒன்றுமே இல்லையென்றால் அந்தச் செய்முறைக்குக் காசு கொடுக்காதீர்கள். பின்ட்ரஸ்ட் 2025-இலிருந்து ஏஐ படங்களுக்கு அடையாளம் போடுகிறது, ஆனால் எல்லாமே அதில் சிக்குவதில்லை.

"குரோஷா பேட்டர்ன்ல சொன்னபடியே போட்டேன். அளவே வேற மாதிரி வருது."

அமெரிக்க முறையும் பிரிட்டிஷ் முறையும் ஒரே பெயரில் வேறு வேறு தையலைச் சொல்கின்றன. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பதைப் பிரிட்டனில் டபுள் குரோஷே என்பார்கள். அமெரிக்க டபுள் குரோஷே பிரிட்டனில் ட்ரெபிள். குழந்தைத் தொப்பி ஒன்றை மாற்றிப் போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம் வந்துவிடும். சிங்கிள் குரோஷே என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே வழக்கத்தில் இல்லை. தையல்களைக் குறிகளால் வரைந்து காட்டும் படம் இருக்கும் பேட்டர்னைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலே வராது, ஒரிகாமிக்குச் சொன்ன மாதிரி குறிகள் பொதுவானவை.

"எல்லாமே வெளிநாட்டு ஐடியாவாவே இருக்கு. நம்ம ஊர் கைவினை எங்க பாக்கலாம்?"

பம்பாய் ஐஐடியின் வடிவமைப்புத் துறை நடத்தும் டிசோர்ஸ் தளத்தைப் பாருங்கள். இந்தியா முழுக்க உள்ள கைவினைகளை, பொருள், கருவி, செய்முறை என்று படங்களோடு பதிவு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை எப்படிச் சாய்ந்தாலும் எழுந்து நிற்கிறது என்று படித்துவிட்டு, முட்டை ஓட்டின் அடியில் களிமண் வைத்துப் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். தத்துவம் அதேதான், எடை அடியில் இருக்க வேண்டும்.

பத்தமடைப் பாயையும் செட்டிநாட்டுக் கொட்டானையும் (ஓலைக் கூடை) படத்தில் பார்த்தால் பின்னல் என்பது ஒன்று மேலே ஒன்று கீழே என்பதில் தொடங்குவது தெரியும். அந்த ஏ4 மிச்சப் பட்டைகளை இரண்டு நிறத்தில் வெட்டிக் கொடுத்தால் ஆறு வயதுப் பிள்ளை சின்னப் பாய் முடைந்துவிடும். ஊருக்குப் போகும்போது தென்னை ஓலையில் பாம்பு, காத்தாடி, பீப்பீ செய்யத் தெரிந்த தாத்தாக்களைப் பிடித்து, கைகளை மட்டும் வீடியோ எடுத்து வையுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் போய் வாருங்கள். 1996-இல் தொடங்கிய இடம், கைவினைஞர்கள் வேலை செய்வதை நேரில் பார்க்கலாம்.

"ஆன்லைன்ல பாத்துச் செஞ்சதை விக்கலாமா? அக்கம்பக்கத்துல கேக்கறாங்க."

செய்முறை உத்தி யாருக்கும் சொந்தமில்லை. சில்க் த்ரெட் வளையல் சுற்றும் முறை, வயர் முடிச்சு, குவில்லிங் சுருள் எல்லாம் பொது. ஒருவர் வரைந்த படம், எழுதிய பேட்டர்ன், எடுத்த புகைப்படம் ஆகியவற்றுக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை உண்டு. அவருடைய புகைப்படத்தைப் போட்டு ஆர்டர் எடுப்பது கண்டிப்பாகத் தப்பு, நீங்கள் செய்ததையே படமெடுங்கள். பேட்டர்னை வாங்கியிருந்தால் அதில் விற்க அனுமதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கார்ட்டூன் கதாபாத்திரங்களை விற்பனைக்குத் தொடாதீர்கள்.

ஓர் ஊருக்கே உரிய பொருள் என்று சட்டப்படி தரப்படும் புவிசார் குறியீடு பெற்ற பெயர்களிலும் கவனம் வேண்டும். நீலகிரியின் தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் அந்தக் குறியீடு கிடைத்தது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, இழைகளை எண்ணி எண்ணிப் போடும் வேலை அது, அந்தப் பெண்களின் பிழைப்பு. பார்த்து ரசித்து வீட்டுக்கு ஒன்று போட்டுப் பழகலாம். அதே பெயரைச் சொல்லி விற்கக்கூடாது. வேண்டுமென்றால் அவர்களிடமே வாங்குங்கள்.

"மத்த அம்மாக்களுக்கெல்லாம் எப்படி நேரம் கிடைக்குது? எனக்கு மட்டும் ஏன் முடியல?"

ஒரு நிமிட ரீலுக்குப் பின்னால் ஒரு மாலைப்பொழுதின் வேலையும், ஒதுக்கிவைத்த மேசையும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆளும் இருக்கலாம். அதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் பலர், அது அவர்களுடைய அலுவலக நேரம். உங்கள் அலுவலக நேரத்தில் நீங்கள் வேறு வேலை செய்கிறீர்கள்.

வாரம் ஒன்று முடியாவிட்டால் மாதம் ஒன்று செய்யுங்கள். ஒரு செருப்பு டப்பாவில் கத்தரி, ஃபெவிகால், டேப், கலர் தாள், ஐஸ் குச்சி போட்டு மூடி வையுங்கள். எடுத்து வைக்கவே அலுப்பாக இருப்பதால்தான் பாதி நாள் தள்ளிப்போகிறது.

"ஆரம்பிச்சுட்டுப் பாதியிலேயே விட்டுட்டு ஓடிடறா. நான் உக்காந்து முடிக்கணுமா?"

வேண்டாம். பாதியை அப்படியே அந்தச் செருப்பு டப்பாவில் போடுங்கள். சில நாள் கழித்து அவளே எடுப்பாள், இல்லாவிட்டால் அந்த அட்டை வேறொன்றுக்கு ஆகும். ஆனால் தொடர்ந்து விட்டுவிட்டு ஓடினால் தேர்ந்தெடுத்த வேலை வயதுக்கு மீறியதாக இருக்கலாம். அடுத்த தடவை இரண்டு மூன்று யோசனையை நீங்கள் வடிகட்டி வைத்து, அதில் ஒன்றை அவளையே எடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் அந்த வேலை பிடித்திருந்தால் அவளுக்குக் கொடுத்த மாதிரியே இன்னொன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்காகச் செய்யுங்கள். அவளுடையதைத் தொடாதீர்கள்.